குழந்தையின் உடல் துவண்டிருந்தால்: காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"டாக்டர், கழுத்து இன்னும் நிக்கலை." "அக்குள்ல கை குடுத்துத் தூக்கினா நழுவி நழுவிப் போகுது." குழந்தைகள் நல மருத்துவரின் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பக்கத்தில் பாட்டி இருந்தால், "இவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான், விடுங்க" என்று ஒரு வரி சேரும். பாட்டி சொல்வது சில நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் குழந்தையைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அதை நம்ப வேண்டும்.

தசைத் தளர்ச்சி என்பது தனி நோயில்லை, ஓர் அறிகுறி. மருத்துவக் குறிப்பில் ஹைப்போடோனியா என்று எழுதியிருப்பார்கள். மூளையில் தொடங்கி தண்டுவடம், நரம்பு, நரம்பு தசையோடு சேரும் இடம், தசை என்று நீளும் பாதையில் எங்கே கோளாறு வந்தாலும் குழந்தை துவளும். தைராய்டு குறைந்தாலும், சத்து குறைந்தாலும், ரத்தத்தில் கிருமி பரவினாலும் துவளும். காரணங்களை எழுதினால் பட்டியல் நூற்றுக்கணக்கில் போகும். அதனால்தான் கையில் இருக்கும் எல்லாச் சோதனையையும் ஒரே நாளில் எழுதிக் கொடுப்பது வீண். வரிசை முக்கியம். அந்த வரிசையைப் பெற்றோருக்குப் புரியும்படி சொல்வதுதான் இங்கே நோக்கம். மருத்துவர் ஏன் இதைக் கேட்கிறார், ஏன் அதைத் தள்ளிப்போடுகிறார் என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

படி 1: இன்று வந்ததா, முதலிலிருந்தே இருக்கிறதா?

நேற்று வரை கைகால் உதைத்துப் பால் குடித்த குழந்தை இன்று துவண்டு கிடந்தால், மேற்கொண்டு படிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ரத்தத்தில் தொற்று, மூளைக்காய்ச்சல், சர்க்கரை இறங்குவது, வயிற்றுப்போக்கால் நீர் வற்றுவது எல்லாம் குழந்தையை ஒரே நாளில் துவள வைக்கும். பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இவ்வளவு பெரிய தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம், உடம்பு சில்லிட்டுக்கூட இருக்கலாம். பால் உறிஞ்சாமல் இருப்பது, எழுப்பினால் எழாதது, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட யோசிக்க வேண்டாம்.

பிறந்து இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்து, பால் ஏற ஏறச் சோர்ந்து, வாந்தி எடுத்து, துவண்டு போகும் குழந்தையும் அவசர வகைதான். பாலில் உள்ள புரதத்தை உடைக்க முடியாத சில பிறவிக் கோளாறுகளில் அம்மோனியா ரத்தத்தில் ஏறும். இதை மணிக்கணக்கில் பிடிக்க வேண்டும், நாள்கணக்கில் அல்ல.

இன்னொன்று நம் வீடுகளோடு நேரடித் தொடர்புள்ளது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கத்தில் சில வீடுகளில் நாக்கில் தேன் தொட்டு வைப்பார்கள். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அவை முளைக்காது, ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். முதலில் மலச்சிக்கல், அப்புறம் அழுகை மெலிவது, இமை தொங்குவது, உறிஞ்ச முடியாமல் போவது, கழுத்து விழுவது என்று மேலிருந்து கீழாகப் பலம் இறங்கும். இந்த நோயைக் குழந்தைகளில் முதன்முதலாக 1976-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அடையாளம் கண்டார்கள். அரிதுதான். ஆனாலும் ஒரு வயது முடியும் வரை தேன் வேண்டாம். கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அந்த ஒரு தகவல் நோயைப் பிடித்துவிடும்.

படி 2: வயதுக்கு இது சரிதானா?

குறை மாதத்தில் பிறந்த குழந்தை துவண்டிருப்பது இயல்பு. 28 வாரத்தில் பிறந்த குழந்தை கைகால் நீட்டித் தளர்வாகத்தான் கிடக்கும். 40 வாரத்தை நெருங்க நெருங்கக் கால் முதலில் மடங்கும், பிறகு கை மடங்கும். ஆகவே வளர்ச்சியைக் கணக்கிடும்போது பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த ஐந்து மாதக் குழந்தையை மூன்று மாதக் குழந்தையாகத்தான் பார்க்க வேண்டும்.

நிறைமாதக் குழந்தைக்குப் பொதுவாக மூன்று, நான்கு மாதத்தில் கழுத்து நிற்கும். நான்கு மாதம் முடிந்தும் தலை விழுகிறதென்றால் காட்டுங்கள். ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்காரவில்லை என்றாலும் காட்டுங்கள். இதைவிட முக்கியமாக, முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்யவில்லை என்றால் எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும். தாமதம் ஒரு விஷயம், பின்வாங்குவது முற்றிலும் வேறு விஷயம்.

படி 3: கையால் பார்ப்பது

மருத்துவர் முதலில் குழந்தையைத் தொடாமல் பார்ப்பார். மல்லாந்து கிடக்கும்போது தொடை இரண்டும் விரிந்து வெளிப்பக்கம் படுக்கையில் ஒட்டிக் கிடந்தால் அதைத் தவளை நிலை என்பார்கள். அப்புறம் மூன்று சோதனைகள்.

குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்து மெதுவாக உட்காரும் நிலைக்கு இழுப்பார். நிறைமாதத்தில் பிறந்த சில வாரக் குழந்தைக்கும் தலை கொஞ்சம் பின்தங்கும், ஆனால் தோள் இறுகும், முழங்கை லேசாக மடங்கி அதுவும் எதிர்த்து இழுக்கும். தளர்ச்சியுள்ள குழந்தையிடம் அந்தப் பதில் இழுப்பு இருக்காது. கை நீண்டு வரும், தலை பின்னால் தொங்கியபடியே இருக்கும், உட்கார வைத்ததும் முன்னால் நெஞ்சில் விழும். தலை எவ்வளவு விழுகிறது என்பதோடு, கையில் அந்த எதிர் இழுப்பு வருகிறதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் கவனிப்பார்கள்.

இரண்டாவது, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துக் கவிழ்த்துத் தூக்குவது. இயல்பான குழந்தை தலையைக் கொஞ்ச நேரமாவது தூக்கும், கைகாலை மடக்கும். தளர்ந்த குழந்தை கவிழ்த்துப் போட்ட 'ப' எழுத்தாகத் தொங்கும். மூன்றாவது, அக்குளில் பிடித்து நிமிர்த்தித் தூக்குவது. தோள் தசை இறுகிப் பிடிக்காததால் குழந்தை கைகளுக்கு நடுவே நழுவும்.

வயிறு நிறையப் பால் குடித்துத் தூங்கி வழியும் குழந்தையிடம் இவை எல்லாமே தப்பாகக் காட்டும். விழித்து, அழாமல் இருக்கும் நேரம்தான் சரி. வீட்டில் நீங்களாக இழுத்துப் பார்க்க வேண்டாம். அதற்குப் பதில், குழந்தை சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். பால் குடிக்கும்போது ஒன்று, மல்லாந்து கிடக்கும்போது ஒன்று. ஆஸ்பத்திரியில் அழுதே தீர்க்கும் குழந்தைக்கு அந்த வீடியோ பெரிய உதவி.

படி 4: பலம் இருக்கிறதா? இதுதான் பாதை பிரியும் இடம்

எல்லாப் படியிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். தளர்ச்சியும் பலவீனமும் ஒன்றல்ல. தளர்ச்சி என்பது ஓய்வில் தசையில் இருக்க வேண்டிய இறுக்கம் குறைவது. பலவீனம் என்பது வேண்டும்போது தசையால் இழுக்க முடியாமல் போவது. துவண்டு கிடக்கும் குழந்தையின் உள்ளங்காலைச் சீண்டினால் படுக்கையை விட்டுக் காலைத் தூக்கி உதைக்கிறதா? அழும்போது கையைப் புவியீர்ப்புக்கு எதிராக மேலே தூக்குகிறதா? தூக்கினால் பலம் இருக்கிறது, கோளாறு பெரும்பாலும் மூளைப் பக்கம். தூக்க முடியாமல் விரல் மட்டும் அசைந்தால், தண்டுவட நரம்பணு, நரம்பு, தசை இந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

தளர்ச்சியுள்ள குழந்தைகளில் 60 முதல் 80 சதவீதம் பேருக்குக் காரணம் மூளை சார்ந்ததுதான். அந்தக் குழந்தைகளிடம் வேறு தடயங்களும் இருக்கும். முகம் பார்த்துச் சிரிக்காது, சத்தத்துக்குத் திரும்பாது, வலிப்பு வரலாம், தலைச் சுற்றளவு சிறுத்தோ பெருத்தோ இருக்கலாம், முக அமைப்பில் வித்தியாசம் தெரியலாம். முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளும், சில நேரம் தேவைக்கு மேல் துள்ளும். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளில் முதல் சில மாதம் தளர்வாக இருந்த உடம்பு பிறகு இறுகத் தொடங்குவதும் உண்டு. தளர்ச்சி போய்விட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே இருந்தால், கால் இரண்டும் கத்தரிபோல் பின்னினால், அது குணமாவது இல்லை, மூளைவாதம் (செரிப்ரல் பால்சி) வெளிப்படுவது.

மறுபக்கத்தில், மனதில் நிற்கும் ஒரு படம் உண்டு. உடம்பு முழுக்க அசைவில்லை, ஆனால் கண் பளிச்சென்று அறை முழுவதும் ஓடும், அம்மாவைப் பார்த்ததும் முகம் மலரும். காலைத் தட்டினால் துள்ளல் இல்லை. மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போய் வயிறு மேலே எழும். வாயைத் திறந்து, அழாத நேரத்தில், நாக்கு சும்மா படுத்திருக்கும்போது பாருங்கள். ஓரங்களில் மெல்லிய துடிப்புகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அழும்போது எல்லாக் குழந்தையின் நாக்கும் நடுங்கும், அதனால் ஓய்வில்தான் பார்க்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால் எஸ்எம்ஏ எனப்படும் தண்டுவடத் தசைச் சிதைவு நோய் என்று சந்தேகித்து, வேறு எதற்கும் காத்திருக்காமல் மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இதன் கடுமையான முதல் வகை ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கும்.

இமை தொங்கி, சாயங்காலம் ஆக ஆக மோசமானால் நரம்பும் தசையும் சேரும் இடத்தைச் சந்தேகிப்பார்கள். முகமே அசையாமல், மேல் உதடு கூடாரமாகக் குவிந்திருந்தால் தசை நோய்கள். நாக்கு பெரிதாகி, எக்ஸ்ரேயில் இதயமும் பெரிதாக இருந்தால் பாம்பே (Pompe) என்ற தசை நோய். இதற்கு நொதி மருந்து உண்டு, அதனால் தவறவிடக் கூடாது.

படி 5: கதை கேட்பது

பரிசோதனை பாதி, கதை பாதி. வயிற்றில் இருக்கும்போது அசைவு எப்படி இருந்தது? முதல் பிள்ளையோடு ஒப்பிட்டால் குறைவாக இருந்ததா? பனிக்குட நீர் அதிகம் என்று ஸ்கேனில் சொன்னார்களா? குழந்தை வயிற்றில் நீரை விழுங்க முடியாமல் இருந்தால் நீர் கூடும். பிறந்ததும் அழுததா, எத்தனை நாள் இன்குபேட்டரில் இருந்தது, குழாய் வழியாகப் பால் கொடுத்தார்களா? டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். அது இல்லாமல் போவது பாதிக் கதையோடு போவது.

சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டால் கோபப்படாதீர்கள். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் உறவுக்குள் நடக்கிறது, 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் அதைத்தான் சொல்கிறது. தாய்மாமன், அத்தை மகன் என்று முடிக்கும்போது இருவரிடமும் ஒரே பழுதுள்ள மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒளிந்திருக்கும் நோய்கள் அங்கேதான் வெளிவரும். குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த கைக்குழந்தை உண்டா என்றும் கேட்பார்கள். "காத்து கருப்பு" என்று மூடிவைத்த ஒரு மரணம் இங்கே பெரிய தடயமாக இருக்கலாம்.

நல்ல நரம்பியல் மருத்துவர் குழந்தையைப் பார்த்து முடித்ததும் அம்மாவிடம் கை குலுக்குவார். "இறுக்கிப் பிடிங்கம்மா, இப்ப சட்டுனு விடுங்க." விரல்கள் உடனே விரியாமல் மெல்ல மெல்லப் பிரிந்தால் அம்மாவுக்கே மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற தசை நோய் லேசாக இருக்கலாம். பல வருடமாக அவருக்கே தெரியாமல் இருந்திருக்கும். அது குழந்தைக்கு மிகக் கடுமையான வடிவில் போகக்கூடும். அம்மாவுக்கு, நரம்பும் தசையும் சேரும் இடத்தைப் பாதிக்கும் மயஸ்தீனியா நோய் இருந்தாலும் குழந்தை சில வாரம் தளர்ந்திருந்து, பிறகு தானாகச் சரியாகும்.

படி 6: மருந்தால் சரியாகும் காரணங்களை முதலில் தேடுங்கள்

இங்கே என் கருத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். துவண்ட குழந்தை என்றதும் ஓடிப்போய் எம்ஆர்ஐ எடுப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய, செலவு குறைந்த ரத்தச் சோதனைகள் இருக்கின்றன. சர்க்கரை, கால்சியம், உப்புகள் இவை அடிப்படை. அதோடு தைராய்டுக்கு டிஎஸ்ஹெச்.

பிறவித் தைராய்டு குறைபாடு இருந்தால் குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும், அழுகை கரகரக்கும், மஞ்சள் காமாலை வாரக்கணக்கில் போகாது, மலச்சிக்கல் இருக்கும், உச்சிக்குழி பெரிதாக இருக்கும், தொப்புள் புடைத்திருக்கும். "சமத்துக் குழந்தை, அழவே அழாது" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி காப்பாற்றப்படும். மாத்திரை விலை மிகக் குறைவு, தாமதத்தின் விலை வாழ்நாள் முழுக்க. பிறந்து மூன்றாம் நாளுக்கு மேல் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தச் சோதனையை உங்கள் குழந்தைக்குச் செய்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது பி12. அம்மாவுக்கு பி12 குறைவாக இருந்து, குழந்தைக்கு ஏழெட்டு மாதமாகியும் தாய்ப்பாலைத் தவிர வேறு உணவு பெரிதாகக் கொடுக்கவில்லை என்றால் இது வரும். பால், தயிர், முட்டை, மீன் எதுவும் சரியாகச் சாப்பிடாத அம்மாக்களிடம் அதிகம். குழந்தை கொழுகொழு என்றுகூட இருக்கும். ஆனால் சிரிப்பு நின்றுவிடும், பொம்மையைப் பார்க்காது, உட்கார்ந்துகொண்டிருந்தது இப்போது சாயும். விரல் கணுக்களைப் பாருங்கள், அங்கே மட்டும் தோல் கறுத்திருக்கும். முடி மெலிந்து செம்பட்டையாகும். சில குழந்தைகளுக்குக் கையும் தலையும் நடுங்கும். ரத்தம் எடுத்த பிறகு பி12 தொடங்கினால் சில நாளிலேயே முகத்தில் களை வரும். நடுக்கம் மட்டும் நடுவில் கொஞ்சம் கூடலாம், அதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம். அம்மாவுக்கும் சோதித்து மருந்து கொடுக்க வேண்டும். வைட்டமின் டி குறைவும் தசையைத் தளர்த்தும், மணிக்கட்டு தடித்திருப்பது அதன் அடையாளம்.

தசைப் பக்கம் சந்தேகம் இருந்தால் சிகே என்ற நொதியைப் பார்ப்பார்கள். அளவு மிக அதிகமாக இருந்தால் தசையே சிதைகிறது என்று பொருள். எஸ்எம்ஏ-வில் இது இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோதான் இருக்கும், ஆகவே "சிகே நார்மல், பயமில்லை" என்று விட முடியாது. பிரசவத்தின்போது தசை நசுங்குவதால் முதல் சில நாளில் எல்லாக் குழந்தைக்கும் இது ஏறியிருக்கும், சில நாள் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

படி 7: எம்ஆர்ஐ, மரபணுச் சோதனைகள்

மூளைப் பக்கம் என்று தெரிந்தால் எம்ஆர்ஐ. முக அமைப்பு டவுன் சிண்ட்ரோமைச் சொன்னால் குரோமோசோம் சோதனையான கேரியோடைப் போதும், கூடவே இதயத்துக்கு எக்கோ எடுத்தே ஆக வேண்டும். இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும்.

பிறந்ததிலிருந்து உறிஞ்சவே மாட்டாமல் குழாயில் பால் போன குழந்தை, ஆணாக இருந்து விரைகளும் இறங்காமல் இருந்தால் பிராடர் வில்லி நோயை நினைக்க வேண்டும். 15-ஆம் குரோமோசோமில் அப்பாவிடமிருந்து வர வேண்டிய பகுதி வேலை செய்யாததால் வருவது இது. முதல் வருடம் பால் குடிக்கவே வைக்க முடியாத இதே குழந்தை, சில வருடம் கழித்து அடங்காத பசியோடு அலையும். முன்பே தெரிந்தால் உடல் எடையைக் கட்டுக்குள் வைக்க வழி உண்டு. அந்தப் பகுதி வேலை செய்கிறதா, அடங்கிக் கிடக்கிறதா என்று பார்க்கும் மெத்திலேஷன் சோதனை 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும்.

எஸ்எம்ஏ-வுக்கு, மரபணுவின் பிரதிகளை எண்ணிப் பார்க்கும் எம்எல்பிஏ என்ற சோதனை. எஸ்எம்என்1 மரபணுவின் 7-ஆம் எக்ஸான் என்ற பகுதி இரண்டு பிரதியிலும் இல்லாமல் போவதுதான் சுமார் 95 சதவீதம் பேருக்குக் காரணம்.

மரபணுக்களில் புரதம் உருவாக்கும் பகுதிகளை ஒரே முறையில் மொத்தமாகப் படிக்கும் சோதனைக்கு எக்ஸோம் என்று பெயர். இப்போது "எக்ஸோம் பண்ணிடுங்க, எல்லாம் தெரிஞ்சிடும்" என்று சொல்வது சகஜமாகிவிட்டது. தெரியாது. மேலே சொன்ன பிராடர் வில்லி, மயோடோனிக் டிஸ்ட்ரோபி, எஸ்எம்ஏ மூன்றும் சாதாரண எக்ஸோமில் நழுவக்கூடியவை, ஏனென்றால் அவற்றின் பழுது வேறு மாதிரியானது. எனவே ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தால், இந்த மூன்றுக்கும் தனிச் சோதனை செய்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிறவித் தசை நோய்களுக்கு எக்ஸோம் மிக நல்லது. முன்பு தசையை வெட்டி எடுத்துப் பார்த்த இடத்தில் இன்று பெரும்பாலும் இதுவே போதுகிறது. நரம்பு மின்சோதனை சிறு குழந்தைகளில் கஷ்டம், நன்றாகப் பழகியவர் செய்தால்தான் பலன்.

படி 8: பெயர் தெரியும்வரை சும்மா இருக்க வேண்டாம்

மரபணு ரிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பிசியோதெரபியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் 2013-ல் தொடங்கியது. அதன்கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. டிஇஐசி என்று கேட்டால் அரசு ஆஸ்பத்திரியில் வழி காட்டுவார்கள், கட்டணமில்லை. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் வேலூர் சிஎம்சியிலும் குழந்தை நரம்பியல் பிரிவு உண்டு.

பால் கொடுக்கும்போது இருமுகிறதா, நெஞ்சில் கரகரப்பு வருகிறதா என்று பாருங்கள். விழுங்கப் பலமில்லாத குழந்தைக்குப் பால் நுரையீரலில் இறங்கும் அபாயம் உண்டு. படுக்க வைத்துப் பாலாடையால் ஊற்றுவதை நிறுத்துங்கள். குளிப்பாட்டும் பாட்டி "இறுக்கி உருவினா சரியாயிடும்" என்று மூட்டுகளை இழுக்க வருவார். எண்ணெய் தடவட்டும், மூட்டை இழுக்க வேண்டாம். தளர்ந்த மூட்டு எளிதில் விலகும்.

படி 9: பெயர் வந்த பிறகு

எஸ்எம்ஏ என்று வந்தால் காலம்தான் பணம். தமிழ்ச் செய்திகளில் "16 கோடி ரூபாய் ஊசி" என்று வந்தது ஜோல்ஜென்ஸ்மா என்ற மரபணுச் சிகிச்சை, அமெரிக்காவில் 2019-ல் அனுமதி பெற்றது. வாயில் கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் 2021-ல் இந்தியாவுக்கு வந்தது. எந்த மருந்தானாலும் நரம்பணுக்கள் இறப்பதற்கு முன் கொடுத்தால்தான் முழுப் பலன். அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையின்கீழ், அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்கலாம். முழுச் செலவுக்கும் அது போதாது, இருந்தாலும் விண்ணப்பத்தை முதல் வாரமே போடுங்கள்.

அடுத்த கர்ப்பத்தைப் பற்றி இப்போதே பேச வேண்டும், பேசுவதற்குச் சங்கடமாக இருந்தாலும். எஸ்எம்ஏ போன்ற ஒளிந்திருக்கும் நோய்களில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தையின் மரபணுப் பழுது எது என்று எழுத்தில் இருந்தால்தான் 11 முதல் 13 வாரத்துக்குள் நச்சுக்கொடியிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்க முடியும். அதனால் குழந்தை மிகவும் மோசமான நிலையில் இருந்தாலும், ரிப்போர்ட் வர நாளாகும் என்று தெரிந்தாலும், டிஎன்ஏ மாதிரியை எடுத்துப் பாதுகாக்கச் சொல்லுங்கள்.